யானை வருவதைச் சொல்லும் கருவியை யார் வாங்குவது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பாடசாலைக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்களுக்கு அந்த மேசை பழக்கமானது. அட்டையில் செய்த வயல், அதைச் சுற்றிக் கம்பி வேலி, வேலியோரம் ஓர் உணரி. பொம்மை யானையை அருகே நகர்த்தினால் சிவப்பு விளக்கு எரியும், சைரன் ஒலிக்கும், வீட்டுக்காரரின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். செய்த மாணவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், பத்திரிகையில் படம் வரும். வெல்லாவெளியிலோ கிரானிலோ திருக்கோவிலிலோ காவல் பரணில் விழித்திருக்கும் விவசாயியின் கையில் மட்டும் இன்றும் டோர்ச் விளக்கும் யானை வெடியும்தான் இருக்கின்றன.

2023ஆம் ஆண்டில் மட்டும் யானை - மனித மோதலில் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். பிரச்சினை தெரியாததல்ல. கருவி செய்யத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2012 முதல் இயங்குகிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், அதற்கு முன்னிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியையும் சேர்த்தால், 1981 முதல் இருக்கிறது. கல்முனையிலும் காத்தான்குடியிலும் சுற்றுப்பலகை பழுதுபார்க்கிற கடைகளில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் சிலர் இறக்குமதிக் கருவியைப் பிரித்துப் பார்த்து அதைவிட நன்றாகச் செய்யக்கூடியவர்கள். அப்படியிருக்க, மேசைக்கும் வயலுக்கும் நடுவில் எது அறுந்து கிடக்கிறது?

மேசையில் ஒலித்த சைரன் வயலில் ஒலிக்க வேண்டுமானால் அது முதலில் எருமையையும் யானையையும் பிரித்தறிய வேண்டும். மார்கழி அடைமழையில் நனைந்தும் பழுதாகாதிருக்க வேண்டும். மேகம் மூடிய நாட்களில் சூரியப் படலத்தை நம்பிய பட்டரி எத்தனை இரவு தாங்கும் என்று தெரிய வேண்டும். எறும்பு கூடு கட்டும், எலி வயரைக் கடிக்கும். ஓரிரவில் நான்கு தடவை பொய்யாக ஒலித்த கருவி ஐந்தாம் தடவை ஒலிக்கும்போது பரணிலிருப்பவர் புரண்டு படுப்பார். உண்மையில் யானை வந்தது அப்போதாக இருக்கும். இவற்றையெல்லாம் அறிய ஒரு போகம் முழுக்க வயலில் கருவியை நட்டு, உடைந்ததை மாற்றி, குறிப்பெடுத்து, திரும்பவும் நட வேண்டும். அந்த ஒரு போகத்துக்கான செலவை யார் தருவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

வங்கி தராது. தரக் கூடாது என்றுகூடச் சொல்லலாம். வங்கி கொடுப்பது வைப்பாளரின் பணம். வேலைசெய்யுமா என்றே தெரியாத கருவிக்கு அதை எடுத்துக் கொடுக்க முடியாது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, அதாவது கடன் வசதி வீதத்தை, ஒரே நாளில் 7.5இலிருந்து 14.5 சதவீதத்துக்கு உயர்த்தியதைக் கண்ட தலைமுறை நாம். கடன் வாங்கிப் பரிசோதனை செய்வது என்றால் இப்போது எவருக்கும் வயிறு கலங்கும். ஈடு வைக்கலாம் என்றால் கல்லோயாக் குடியேற்றங்களிலும் பிற இடங்களிலும் பெருந்தொகைக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள். விளைச்சலுக்குக் குறையில்லை, வங்கியின் மேசையில் அவற்றுக்குச் சொந்த உறுதிப்பத்திரம் உள்ள காணியின் மதிப்பு இல்லை. முதலீட்டாளர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அவர்களும் விற்பனை தொடங்கிய நிறுவனத்தைத்தான் தேடுகிறார்கள். ஆக, எண்ணத்துக்கும் முதல் விற்பனைக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் பணம் போட எவரும் இல்லை. இது கிழக்கிலங்கைக்கு மட்டும் வந்த வினையும் இல்லை. பணத்தில் புரள்கிற நாடுகளிலும் சந்தை இந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறது.

அமெரிக்கா இதற்கு ஒரு வழி கண்டது. 1977இல் அங்குள்ள தேசிய விஞ்ஞான அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி, சிறு நிறுவனங்களுக்கென்று தனியாக ஓர் ஆய்வு நிதியைச் சோதனை முறையில் தொடங்கினார். அது பலன் தரவே, 1982 ஜூலையில் ஜனாதிபதி றேகன் சிறுதொழில் புத்தாக்க அபிவிருத்திச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வெளியாருக்கு ஆய்வுப் பணம் வழங்கும் பெரிய அரச முகவரகங்கள் ஒவ்வொன்றும் அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென்று ஒதுக்கியே தீர வேண்டும் என்றது சட்டம். இதற்குச் சிறுதொழில் புத்தாக்க ஆய்வுத் திட்டம் (SBIR) என்று பெயர். ஆரம்பத்தில் அந்தப் பங்கு 0.2 சதவீதம். தம் பங்கு குறையும் என்று பல்கலைக்கழகங்கள் அப்போது எதிர்த்தன. 2017 நிதியாண்டு முதல், வெளியாய்வுச் செலவு 10 கோடி டொலரைத் தாண்டும் முகவரகங்களுக்கு அது 3.2 சதவீதமாக இருந்து வந்திருக்கிறது. பாதுகாப்பு, சுகாதாரம், எரிசக்தி, விவசாயம், விண்வெளி என 11 முகவரகங்கள் சேர்ந்து ஆண்டுக்கு 400 கோடி டொலருக்கு மேல் இவ்வழியில் செலவிட்டு வந்திருக்கின்றன.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது தொகை இல்லை. அமைச்சர் யார், அந்த ஆண்டின் கொள்கை விளக்கம் என்ன என்று பாராமல் ஒவ்வொரு முகவரகமும் ஒதுக்க வேண்டும் என்ற கட்டாயம்தான். நம்மூரில் இப்படிப்பட்ட திட்டங்கள் ஓர் அமைச்சரோடு வந்து அவரோடு போய்விடுகின்றன.

பணம் மூன்று கட்டமாகப் போகிறது. முதற்கட்டம் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு. எண்ணம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்க மட்டும். அண்மைய உச்சவரம்பு சுமார் 3 இலட்சம் டொலர். அதில் தேறியவர்களே இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது ஏறத்தாழ இரண்டு ஆண்டு, சுமார் 20 இலட்சம் டொலர் வரை. மாதிரி வடிவத்தைச் செய்து முடிப்பது அந்தக் கட்டத்தில். மூன்றாம் கட்டத்துக்கு இந்த நிதியிலிருந்து ஒரு சதமும் கிடையாது. ஆனால் அங்கே ஒரு சலுகை இருக்கிறது, அதற்குப் பின்னால் வருவோம்.

கொடுத்த பணத்தை அரசு திருப்பிக் கேட்பதில்லை. நிறுவனத்தில் பங்கும் கேட்பதில்லை. கண்டுபிடிப்பின் உரிமை நிறுவனத்துடையது. அரசு தன் தேவைக்கு உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம், அவ்வளவே. முதற்கட்டம் தோல்வியில் முடிந்தால் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். கருவி ஏன் வேலைசெய்யவில்லை என்று ஒழுங்காக எழுதப்பட்ட அறிக்கைகூட அரசு பணம் கொடுத்து வாங்கிய அறிவுதான். இந்த ஒரு விடயத்தை நம் கணக்காய்வுக்கு விளங்கவைப்பது எவ்வளவு பாடு என்பதை நினைத்தால் பெருமூச்சு வருகிறது.

கேள்வியை யார் கேட்பது என்பது அடுத்த விடயம், என் கணிப்பில் இதுவே உயிர். பாதுகாப்புத் துறை போன்ற முகவரகங்கள் தமக்கு வேண்டியவற்றைத் தலைப்புகளாக வெளியிடுகின்றன: இந்த எடைக்குள், இந்தக் குளிரில், இத்தனை மணிநேரம் இயங்கும் பட்டரி வேண்டும். சிறு நிறுவனம் அதற்கு விடை எழுதுகிறது. அதாவது, பின்னாளில் வாங்கப்போகிறவரே முதல் நாளில் கேள்வியையும் கேட்கிறார். தேசிய விஞ்ஞான அறக்கட்டளை மட்டும் வேறு வழியில் போகிறது: எந்த எண்ணத்தோடும் வரலாம், ஆனால் முதலில் சில பக்கச் சுருக்கம் ஒன்றை அனுப்ப வேண்டும், அவர்கள் அழைத்தால்தான் முழு விண்ணப்பம். தேறாத எண்ணத்துக்காக நூறு பக்கம் எழுதி எவரும் மாதக்கணக்கில் அலைய வேண்டியதில்லை.

குவால்கொம், சிமென்டெக், ஐரோபோட் போன்ற நிறுவனங்கள் சிறியவையாக இருந்த காலத்தில் இந்தப் பணத்தைப் பெற்றவை. இத்தகைய பட்டியலைக் காட்டிப் பேசுவது எளிது. பட்டியலில் வராதவற்றின் எண்ணிக்கையே பெரிது என்பதால் ஆய்வாளர்கள் வேறு விதமாக அளந்து பார்த்தார்கள். சப்ரினா ஹவெல் என்ற பொருளியலாளர் எரிசக்தித் துறையின் பழைய விண்ணப்பங்களை எடுத்து, மயிரிழையில் வென்றவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் ஒப்பிட்டார். முதற்கட்டப் பணம் கிடைத்த நிறுவனத்துக்குப் பின்னர் தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக, ஏறத்தாழ இரட்டிப்பாக, உயர்ந்திருந்தது. பல மடங்கு பெரிய இரண்டாம் கட்டப் பணத்துக்கு அப்படியொரு தெளிவான விளைவு தெரியவில்லை. அரசு முத்திரை குத்தியதால் முதலீட்டாளர் நம்பினார் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. மாதிரியைச் செய்து பார்க்க முடிந்ததே பலன் தந்தது. அந்த ஆய்வு 2017இல் வெளியானது. சிறிய, முதல் காசோலையே அதிகம் வேலைசெய்கிறது என்ற அதன் முடிவைக் கொழும்பில் யாராவது பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2000இல் ஸ்கொட் வால்ஸ்டன் வெளியிட்ட ஆய்வு, அரசின் பணம் வந்ததும் நிறுவனங்கள் தாம் செலவிட இருந்த ஆய்வுப் பணத்தை அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டன என்றது. விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்டு, ஆண்டுதோறும் நிதி வாங்கி, விற்கத்தக்க ஒரு பொருளையும் செய்யாத நிறுவனங்களும் அங்கே உண்டு. அவற்றுக்கு 'ஆலைகள்' என்று பட்டப்பெயர். நம்மூரில் பயிற்சிப்பட்டறை நடத்தியே பிழைக்கும் அமைப்புகளைச் சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மட்டக்களப்பிலிருந்து பார்க்கும்போது இவற்றைவிட உறுத்துவது ஜொஷ் லேர்னர் 1999இல் வெளியிட்ட ஆய்வு. இந்தப் பணத்தைப் பெற்ற நிறுவனங்கள் பத்தாண்டில் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தன என்று கண்ட அவர், அந்த வளர்ச்சி தனியார் முதலீடு ஏற்கெனவே புழங்கிய பகுதிகளில் இருந்த நிறுவனங்களுக்கே கிட்டியது என்றும் கண்டார். சுற்றிலும் முதலீட்டாளரோ பெரிய வாடிக்கையாளரோ இல்லாத ஊரில் அதே பணம் அதே பயனைத் தரவில்லை. இதை அப்படியே இங்கு பொருத்தினால், கொழும்பில் ஒரு நிதியைத் திறந்து 'எல்லா மாவட்டத்தவரும் விண்ணப்பிக்கலாம்' என்று அறிவிப்பது கிழக்குக்குப் போதாது. உதயதேவி ரயிலில் ஏறிப்போய் விண்ணப்பத்தைக் கொடுத்து, நேர்முகத்தில் தேறி, மாதிரியைச் செய்து முடித்த பிறகும், அக்கரைப்பற்றுக்காரர் ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால் வாங்க ஆளிருக்காது. அமெரிக்காவும் இந்தக் குறையை ஓரளவு உணர்ந்தது. பின்தங்கிய மாநிலங்களில் விண்ணப்பிக்க உதவும் தனித்திட்டம் அங்கே இருக்கிறது. கென்டக்கி போன்ற மாநிலங்கள் மத்திய அரசின் பணத்தோடு தம் பணத்தையும் சேர்த்துக் கொடுத்துத் தம் ஊர் நிறுவனங்களைத் தக்கவைக்கப் பார்க்கின்றன.

அயலில் இந்தியாவும் இந்த வழியில் நடந்திருக்கிறது. உயிரித்தொழில்நுட்பத் துறை 2005இல் அமெரிக்கத் திட்டத்தின் பெயரையே ஏறத்தாழத் தழுவி ஒரு திட்டம் தொடங்கியது. பின்னர் வந்த தொடக்க நிலை மானியம் ஒன்று 50 இலட்சம் இந்திய ரூபாய் வரை தருகிறது. புதிய தொழில்முனைவு நிறுவனங்களுக்கான தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டம் 10 இலட்சத்திலிருந்து தொடங்குகிறது. தமிழில் இவற்றைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இலங்கையில் அமைப்புகள் இல்லாமல் இல்லை. கண்டுபிடிப்பாளர்களை ஊக்குவிக்கும் சட்டம் 1979இலேயே வந்தது. அதன் வழிவந்த புத்தாக்குநர் ஆணைக்குழு கண்காட்சி நடத்துகிறது, நிதியுதவியும் செய்கிறது. தேசிய விஞ்ஞான மன்றத்திடம் தொழில்நுட்ப மானியங்கள் உண்டு. தேசிய ஆராய்ச்சிச் சபை உண்டு. ஹோமாகமவில் நனோ தொழில்நுட்ப நிறுவனம் 2008 முதல் அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தப்படுகிறது. ஜா-எலவுக்கு அருகே ஏகலையில் பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் 1974 முதல் இருக்கிறது. பிரதேச செயலகங்களில், ஊர்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கொண்டுசெல்வதற்கான விதாதா வள நிலையங்கள் இருக்கின்றன. தேசிய புத்தாக்க முகவரகத்துக்கான சட்டம் 2019இல் நிறைவேறியது. இத்தனை பெயர்ப்பலகைகளுக்கும் பின்னால் நாடு ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம். அமெரிக்காவில் அது 3 சதவீதத்துக்கு மேல், இந்தியாவில் 0.6 சதவீதத்தைச் சுற்றி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாட்டின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 10,000 கோடி டொலர். அதில் 0.1 சதவீதம் 10 கோடி டொலர். இதில் பாதிதான் அரசின் கையால் போகிறது என்று வைத்து, அதில் 3.2 சதவீதத்தை ஒதுக்கினால் 16 இலட்சம் டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்றால் 48 கோடி ரூபாய். யானைக் கருவியை ஒரு போகம் சோதிக்க 20 இலட்சம் ரூபாய் தாராளம். அப்படியானால் ஆண்டுக்கு 240 முதற்கட்டங்கள். 25 மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் ஏறத்தாழப் பத்துப் பத்து. அமெரிக்கச் சட்டம் வெளியாருக்குப் போகும் ஆய்வுப் பணத்தில் மட்டுமே பங்கு கேட்கிறது. நம் ஆய்வுப் பணத்தில் கணிசமான பகுதி அரச நிறுவனங்களின் சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் போவதால் என் கணக்கு மிகை. கால்வாசியாக வெட்டுங்கள். மாவட்டத்துக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று தேறும். சம்மாந்துறையில் ஒன்று, ஏறாவூரில் ஒன்று என்று நடந்தாலே நிலைமை இப்போதிருப்பதைவிட மேல். எனவே பணமே இல்லை என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

ஏற்கத்தக்க தடை வேறு இடத்தில் இருக்கிறது. இப்போது மூன்றாம் கட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் முதலிரண்டு கட்டங்களிலிருந்து பிறந்த பொருளை ஓர் அரச முகவரகம் வாங்க விரும்பினால், திரும்பவும் விலைமனுக் கோர வேண்டியதில்லை. முதலில் நடந்த போட்டியே போதுமென்று சட்டம் சொல்கிறது. அந்த நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் செய்யலாம். இங்கே யானைக் கருவி ஒருவழியாக வேலைசெய்துவிட்டது என்று வையுங்கள். அதை வாங்க வேண்டியவர் யார்? இரண்டு ஏக்கர் செய்கிற விவசாயி வாங்க மாட்டார். யானை அவர் வயலை மட்டும் தேடி வருவதில்லை, வட்டை என்கிற வயல்வெளி முழுவதற்கும் வேலிபோல அமைத்தால்தான் பயன். வனஜீவராசிகள் திணைக்களம் வாங்க வேண்டும், அல்லது பிரதேச செயலகம், அல்லது பிரதேச சபை. அந்த அலுவலகம் விலைமனு வெளியிடும். ஐந்து ஆண்டு அனுபவம் காட்டு, கடந்த ஆண்டுகளின் கணக்காய்வு செய்த நிதிக்கூற்றுகளைக் காட்டு, இதே பொருளை வேறு அரச நிறுவனத்துக்கு விற்ற சான்று காட்டு என்று அதில் இருக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருளுக்கு முன்பு விற்ற சான்று எங்கிருந்து வரும்? குறைந்த விலை சொன்ன இறக்குமதியாளர் ஒருவர் வேறெதற்கோ செய்யப்பட்ட அலாரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

அதிகாரிகளைத் திட்டுவதில் பயனில்லை. 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம் கவனயீனத்தால் அரசுக்கு நட்டம் ஏற்படுத்திய அலுவலரிடம் அந்தத் தொகையை அறவிட வழிசெய்கிறது. ஊழலைத் தடுக்க வந்த ஏற்பாடு, வேண்டியதுதான். ஆனால் அதன் நிழலில் உட்கார்ந்திருக்கும் கணக்காளர், பத்தில் ஆறு தோற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் திட்டத்துக்குக் கையெழுத்து வைப்பாரா? வைக்க மாட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் வைக்க மாட்டேன். பரிசோதனையின் தோல்வி வேறு, பணம் கையாடப்பட்டது வேறு என்று எழுத்தில் பிரித்துக் காட்டும் ஓர் ஏற்பாடு வேண்டும்: வேலை நடந்ததா, பதிவேடு இருக்கிறதா, கருவி வயலில் நடப்பட்டதா என்பதைக் கணக்காய்வு பார்க்கட்டும், கருவி வென்றதா என்பதை வேறொரு குழு பார்க்கட்டும். இது நாடாளுமன்றத்திலோ திறைசேரியின் சுற்றறிக்கையிலோ தீர வேண்டியது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடத்தப்படவில்லை. மாகாண மட்டத்தில் இதை எடுத்துப் பேசத் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர்கூட இல்லாமலே அந்த ஆண்டுகள் கழிந்தன என்பதும் கணக்கில் சேரும்.

ஆனால் கேள்வியை எழுதுவதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. திணைக்களங்கள் தமக்கு என்ன வேண்டும் என்பதை அளவுகளோடு எழுதி வெளியிடலாம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் பிரச்சினைகள் முறைப்பாடுகளாக வந்து கரைகின்றன. அவற்றில் சிலவற்றைத் தொழில்நுட்பக் கேள்வியாக மாற்ற முடியும்.

முகத்துவாரம் வெட்டும் விடயத்தை, அதாவது மட்டக்களப்பு வாவி கடலில் சேரும் வாயை அடைத்திருக்கும் மணலை வெட்டித் திறப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். மாரி மழையில் வாவி நிரம்பினால் அதன் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்கள் நீரில் நிற்கும். விவசாயிகள் வெட்டச் சொல்வார்கள். முந்தி வெட்டினால் வாவியின் நீரும் உவர்ப்பும் மாறி மீன்பாடு கெடும் என்று மீனவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். இரு தரப்பும் மாவட்டச் செயலகமான கச்சேரியில் பேசும்போது மேசையில் இருக்க வேண்டியது, 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவியின் பல இடங்களிலிருந்து மணிக்கொரு தடவை வரும் நீர்மட்ட, உவர்ப்பு அளவுகள். உவர்நீரில் அரிக்காத, பாசி படர்ந்தாலும் சரியாக அளக்கும், மீன்வலையில் சிக்காத, திருடினாலும் பயன்படாத மலிவான அளவி ஒன்று, இத்தனை எண்ணிக்கை, இந்த விலைக்குள். இப்படி எழுதினால் அது கேள்வி. 'வாவியைப் பாதுகாக்க நவீன தொழில்நுட்பம் வேண்டும்' என்று எழுதினால் அது மேடைப் பேச்சு.

நெல்லின் ஈரம் வேறு வகை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு நெல் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு மூடையில் விழுகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீதம். தார்வீதியோரம் பாயில் பரப்பிக் காயவைப்பதும், மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளுவதும், பொறுக்க முடியாதவர் ஈரநெல்லையே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுப்பதும் ஒவ்வொரு பெரும்போகத்திலும் நடக்கின்றன. ஈரத்தை அளக்கும் கருவி வியாபாரியின் கையில் இருக்கிறது, விவசாயியின் கையில் இல்லை. பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மலிவான அளவியையோ, ஆலையில் மிஞ்சும் உமியை எரித்து நெல்லைக் காயவைக்கும் சிறு உலர்த்தியையோ ஒருவர் செய்தால் அதை வாங்க விவசாயிகள் இருக்கிறார்கள், கமக்கார அமைப்புகள் இருக்கின்றன. இங்கே அரசு முதல் சோதனைக்கு மட்டும் கைகொடுத்தால் போதும். மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும். எதில் அரசு கடைசிவரை வாடிக்கையாளராக நிற்க வேண்டும், எதில் முதல் படியோடு விலகலாம் என்ற இந்த வேறுபாட்டை நம் திட்ட அறிக்கைகள் பார்ப்பதே இல்லை. யானைக் கருவியும் ஈரம் அளக்கும் கருவியும் ஒரே படிவத்தில், ஒரே நிபந்தனையில் விண்ணப்பிக்கின்றன.

உமியைச் சொன்னதால் ஒன்று: நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அதை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அம்பாறை மாவட்டத்து ஆலைகளின் பின்புறத்தில் குவிந்து கிடப்பது சீமெந்துக்கும் இறப்பருக்கும் சேர்க்கத்தக்க மூலப்பொருள். ஆனால் எரிக்கும் வெப்பம் மாறினால் சிலிக்காவின் தன்மை மாறிவிடும். அதைக் கட்டுப்படுத்தும் சூளையைச் செய்வது சிறு பட்டறையால் தனியே ஆகாது, ஆய்வுகூடம் வேண்டும்.

அமெரிக்கா 1992இல் கொண்டுவந்த துணைத்திட்டம் இதற்கென்றே அமைந்தது. சிறு நிறுவனமும் ஆய்வு நிறுவனமும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். வேலையில் குறைந்தது 40 சதவீதத்தை நிறுவனமும் குறைந்தது 30 சதவீதத்தைப் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டும். கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்பதைப் பணம் வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடைசி நிபந்தனை முக்கியமானது. உலக வங்கியின் 10 கோடி டொலர் உதவியோடு 2017இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டத்தின் கீழ் நம் பல்கலைக்கழகங்களில் தொழில்துறை இணைப்பு அலகுகள் உருவாகின. இறுதியாண்டு மாணவர் செய்கிற கருவி யாருடையது, மேற்பார்வையாளருக்கு எவ்வளவு, பட்டறைக்காரருக்கு எவ்வளவு என்ற பேச்சு கருவி முடிந்த பிறகு தொடங்கினால் அது சண்டையில்தான் முடியும். ஆய்வு நிதி விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும் பட்டறைக்காரரைப் பல்கலைக்கழகத்தாரின் தயவில் நிறுத்துகிறது. மருதமுனையில் தறி வைத்திருப்பவர் தன் தறியில் செய்த மாற்றத்தைத் தமிழில் அரை மணிநேரம் விளக்குவார். அதையே ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார். முதல் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும், எழுத வராதவரிடமிருந்து ஒலிப்பதிவாகவும் ஏற்பதற்குச் செலவு பெரிதாக ஆகாது.

யானைக் கருவிக்கு இப்படியொரு முதற்கட்டத்தை இங்கே நடத்தினால் நாட்காட்டி எப்படி அமையும் என்று பார்த்தால் இன்னொரு முடிச்சும் தெரிகிறது. பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில். அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். கதிர் முற்றி மணம் வீசத் தொடங்கும் தை, மாசியில்தான் யானைகள் வயலுக்கு அதிகம் இறங்கும், கருவியின் உண்மையான பரீட்சையும் அப்போதுதான். கேள்வியை மே மாதத்தில் வெளியிட்டு, ஓகஸ்டில் தெரிந்தெடுத்து, மழைக்கு முன் கருவியைக் கட்டி முடித்தாலும், அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிந்துவிடுகிறது. செலவழிக்காத பணம் திறைசேரிக்குத் திரும்பும். புதிய ஆண்டின் ஒதுக்கீடு வந்து சேர்வதற்குள் வட்டையில் அறுவடை முடிந்திருக்கும். முழுப்பணத்தையும் டிசம்பருக்கு முன்பே முற்பணமாகக் கொடுத்தால் கணக்காய்வு வினவல் வரும், கொடுக்காவிட்டால் யானை இறங்கும் மாதங்களில் கருவியைப் பார்க்க ஆளிருக்காது. ஆகவே இந்த நிதி எந்த அமைச்சின் கீழ் வந்தாலும், ஆண்டுக் கணக்கிலிருந்து விலக்கிப் போகக் கணக்கில், ஏப்ரல் வரை செலவிடத்தக்கதாக வைப்பதற்குத் திறைசேரியின் அனுமதியை முதலில் வாங்க வேண்டியிருக்கும்.